பார்லித் தண்ணீரும் ஒரு சிவப்புச் சரிக்குறியும்

சென்ற சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தாகமாக இருந்தது. சாலையைக் கடந்து ஒரு பானக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். தலைக்கு மேலே மின்திரையில் விலைப் பட்டியல் ஓடியது. பார்லித் தண்ணீருக்குப் பக்கத்தில் ‘டி’ என்று சிவப்பில் ஓர் எழுத்து. பானங்களுக்கு இப்போது ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள் அல்லவா, அதில் கடைசி. சர்க்கரை மிக அதிகம் என்று அர்த்தம். முன்னால் நின்ற நால்வரில் மூவர் பார்லிதான் வாங்கினார்கள். நான் ஒரு போத்தல் தண்ணீரை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

அந்த எழுத்தைப் பார்த்ததும் மூக்கில் ஏறியது பார்லி வாசம் அல்ல, ஸ்பிரிட் விளக்கின் வாசம்.

ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு அது. புக்கிட் மேராவில் ஓர் உயர்நிலைப் பள்ளி. உயர்நிலை மூன்றுக்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு, உயிரியல் எடுத்தேன். எதையும் வரிசை மாறாமல் செய்கிறவர்களைப் பார்த்தால் பிறருக்கு வரும் எரிச்சல் என் மாணவர்களுக்கும் இருந்திருக்கும். சோதனைக் குழாய்களை உயர வாரியாக அடுக்கி வைப்பேன். வாரப் பாடத்திட்டத்தை நான்கு நிற மையில் எழுதுவேன். கார்போஹைட்ரேட் பாடத்துக்கு ஊதா.

அந்தப் பாடத்தில் மட்டும் ஆய்வுக்கூடத்தில் சமையலறை வாசம் அடிக்கும். வீட்டிலிருந்து ஏதாவது உணவு கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். பரோட்டாத் துண்டு, மீ நூடுல்ஸ், வாழைப்பழம் எல்லாம் வரும். அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவுச்சத்து கருநீலமாகும். பெனடிக்ட் கரைசல் சேர்த்துச் சூடாக்கினால் சர்க்கரை செங்கல் நிறம் காட்டும். சர்க்கரை இல்லையென்றால் கரைசல் பழைய நீலத்திலேயே இருக்கும், வெள்ளைச் சட்டைக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரி.

“டீச்சர், டெஸ்ட் பண்ணிட்டு சாப்பிடலாமா, சாப்பிட்டுட்டு டெஸ்ட் பண்ணலாமா?” என்று கடைசி மேசையிலிருந்து ஒரு குரல் வரும்.

“ரெண்டும் கிடையாது. உக்காரு.”

அந்த ஆண்டு ரஹீமா ஒரு ஃபிளாஸ்க் கொண்டுவந்தாள். அவள் தந்தை தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்தார்.

“வாப்பாக்கு சுகர் இருக்கு டீச்சர். சீனி டப்பாவ ஒளிச்சு வெச்சுட்டோம். கடையில நாள் பூரா இந்த பார்லித் தண்ணிதான் குடிக்கிறாரு. ஒரு துளி சீனி இல்லங்கிறாரு. நான் நம்பல லா.”

சூடாக்கினாள். நீலம் நீலமாகவே இருந்தது. அவள் முகத்தில் அன்று பார்த்த நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது. தாளில் அழகான கையெழுத்தில் ‘பார்லித் தண்ணீர்: சர்க்கரை இல்லை’ என்று எழுதினாள். முப்பத்தெட்டு தாள்களில் இருபத்தொன்றாவதாக அது என் கைக்கு வந்தது. பெரிதாக ஒரு சிவப்புச் சரிக்குறி போட்டேன்.

அங்கேதான் தவறினேன். பெனடிக்ட் கரைசல் எல்லாச் சர்க்கரையையும் பிடிக்காது. நாம் காப்பியில் போடும் சாதாரண சீனி அதன் கண்ணில் படவே படாது. முதலில் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்து உடைத்தால்தான் தெரியும். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அது அடுத்த வாரப் பாடம். ஊதா மையில் அப்படித்தான் எழுதியிருந்தேன். அடுத்த வாரம் அதையும் நடத்தினேன். ரஹீமாவும் பிழையில்லாமல் குறிப்பெடுத்தாள். வீட்டுப் பார்லியோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து மல்லித்தூள் வாங்க அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால், நாட்காட்டிக்குப் பக்கத்தில், அந்தத் தாள் ஒட்டியிருந்தது. என் சரிக்குறி வாசலிலிருந்தே தெரிந்தது.

“வாங்க டீச்சர், வாங்க! குடிங்க. நீங்க பாஸ் போட்ட தண்ணி” என்று ஒரு கிளாஸை நீட்டினார் ரஹீமாவின் தந்தை. “முன்னாடி ரெண்டு கிளாஸ் தாண்டினா எம்பொண்ணு கத்துவா. இப்ப அவளே ஊத்திக் கொடுக்கிறா.”

ஒரு வாய் குடித்தேன். “இனிக்குதே பாய்?”

“கல்கண்டு. சூட்டைத் தணிக்கும். அது சீனி இல்லையே, மருந்துச் சரக்குல்ல?”

கல்கண்டும் அதே சீனிதான், கட்டியாக இருக்கிறது, அவ்வளவே. கிளாஸை வைக்கக் குனிந்தபோது அவருடைய இடது காலைப் பார்த்தேன். சுண்டுவிரலில் துணிக்கட்டு.

“செருப்புக் கடி டீச்சர். ஆற மாட்டேங்குது.”

மல்லித்தூளை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். ஒரு கணம் அப்படியும் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. “பாய், அந்தச் சரி தப்பு. அதுல நிறைய சர்க்கரை இருக்கு. நான்தான் கவனிக்காமப் போட்டுட்டேன். காலை டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எம்பொண்ணு எழுதினது டீச்சர் அது” என்றார். அவள் சொல்லாமல் நம்பமாட்டார் என்று புரிந்தது.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் ரஹீமாவையே செய்யச் சொன்னேன். அமிலம் விட்டாள், கொதிக்கவைத்தாள், சோடா உப்புப் போட்டு அமிலத்தை முறித்தாள், பெனடிக்ட் சேர்த்தாள். பச்சை, மஞ்சள், பிறகு செங்கல். குழாயைப் பிடித்தபடி நின்றாள்.

“மூணு வாரமா நான்தான டீச்சர் ஊத்திக் கொடுத்தேன்?”

“சரி போட்டது நான்மா.”

அன்று மாலையே பழைய தாளின் மேல் புதியதை ஒட்டினாள், செங்கல் நிறத்தை வண்ணப் பென்சிலால் தீட்டி. அவர் அன்றோடு பார்லியை விட்டார். இரண்டு மாதத்தில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். புண் பல மாதமாகவே இருந்திருக்கும், மூன்று வாரத்தில் வந்ததல்ல என்று மருத்துவர் சொன்னதாக ரஹீமா சொன்னாள். என் ஆறுதலுக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. பார்க்கப் போனபோது அவர், “தராசக் கையாலதான பிடிக்கிறேன் டீச்சர், கால் விரல் எதுக்கு?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வுபெறும் வரை எந்தத் தாளிலும் வெறும் சரிக்குறி போட்டதில்லை. ‘இந்தச் சோதனை காட்டக்கூடிய சர்க்கரை இல்லை’ என்று முழுதாக எழுதுவேன். கை வலிக்கும்.

இன்று அந்த ஆய்வுக்கூடம் இல்லை, பள்ளியே வேறொன்றோடு சேர்ந்துவிட்டது. கடையும் இல்லை, அவரும் இல்லை. சனிக்கிழமை நான் தண்ணீர் வாங்கினேனே, அது அந்தக் கடை இருந்த இடம்தான். தாள் ஒட்டியிருந்த சுவரில் இப்போது அந்த மின்திரை. அதில் உள்ள ‘டி’ தப்பில்லாத எழுத்து. யாரோ சரியாக அளந்து போட்டது. வரிசையில் வேறு ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் தப்பான சரியை ஒரு மனிதர் தினமும் பார்த்தார், மகள் கையெழுத்தில் இருந்ததால் அப்படியே நம்பினார்.