ஐம்பதாம் பக்கத்தில் ஒரு ‘ம’

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மழை. ஒரே ஒரு புத்தகத்துக்காகப் போன பயணம் இது.

அப்போது நான் அங்கே எம்.ஏ. மாணவன். ஆய்வு, ஓர் அமெரிக்க நாவலாசிரியரைப் பற்றி. முதல் பத்து வருடம் குற்றக் கதைகள் எழுதினார்; பிறகு அறிவியல் புனைவு. முதலாவதை உதறிய பிறகுதான் அவர் எழுத்தாளர் ஆனார் என்பது என் வாதம். குற்றக் கதைகளை நான் படித்திருக்கவில்லை. தேவையில்லை என்று நினைத்தேன். வழிகாட்டி கேட்டது ஒன்றுதான்: கடைசி நாவலைப் படித்தாயா? அது நூலகத்தில் இல்லை. திங்கட்கிழமை அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும்.

காலை 8.40க்கு நகர மையத்தில் பேருந்து. பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகர் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். சின்னக் கடைத்தெரு. பழைய புத்தகக் கடையில் அறிவியல் புனைவுக்கு இரண்டு தட்டு. இல்லை. திரும்ப நகரம். 11.05க்கு பாபடோயிட்டோய் என்ற இன்னொரு புறநகருக்குப் பேருந்து, ஒரு மணி நேரம். (ஜன்னலோரம் உட்காராதீர்கள். ஒழுகும்.)

அங்கே இருந்தது புத்தகம் மாற்றும் கடை. படித்ததைக் கொடுத்து வேறொன்றை எடுக்கலாம். அறிவியல் புனைவுத் தட்டில் அவர் பெயரே இல்லை. கேட்டதும் கடைக்காரர் சிரித்து, குற்றக் கதைகள் பக்கம் கை காட்டினார். அங்கே அவருடைய ஏழு நாவல்கள். கடைசி நாவல் மட்டும் இல்லை.

ஒன்றைப் புரட்டினேன். ஐம்பதாம் பக்க ஓரத்தில் நீல மையில் ‘ம’. தமிழ் எழுத்து. ஏழிலும் அப்படியே. எடுத்ததையே மறுபடி எடுக்காமலிருக்க வாடிக்கையாளர்கள் போடும் அடையாளம் என்றார் கடைக்காரர். ஒருவர் வட்டம், ஒருவர் சிலுவை. ‘ம’காரரிடம்தான் கடைசி நாவல் இருக்கிறது; வேலைக்குப் போகும் வழியில் இப்போது வருவார்.

வந்தார். மங்கை. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். விமான நிலையச் சமையல்கூடத்தின் சீருடை. கையில் அந்தப் புத்தகம்.

“அக்கா, இதத் திருப்பிக் குடுக்கறீங்களா?”

“இல்லைத் தம்பி. இன்னும் முப்பது பக்கம் கிடக்கு.”

“திங்கட்கிழமைக்குள்ள படிக்கணும். தீசிஸுக்கு.”

“கொலைக்கதைக்குத் தீசிஸோ! வீட்டில தெரியுமோ?”

“கொலைக்கதை இல்லைங்க. அறிவியல் புனைவு. செவ்வாய்க் கிரகத்துல நடக்குது.”

“செவ்வாயில கிடந்தாலும் பிணம் பிணம்தானே.”

மணி 12.35. அவருடைய பேருந்து 1.20க்கு. “அதுக்குள்ள முடிச்சுத் தாறன். இடையில கதைக்கக் கூடாது.”

கடை வாசல் பெஞ்சில் அவர் படித்தார். பக்கத்து டெய்ரியில், அதாவது மூலைக் கடையில், சிப்ஸ் வாங்கி நான் தின்றேன். எட்டிப் பார்த்தேன். முறைத்தார். 1.10க்குப் புத்தகத்தை மூடினார்.

“கொலைகாரன் நான் நினைச்ச ஆள்தான். முதல் புத்தகத்தில தப்பிப் போனானே, சுண்டுவிரல் இல்லாதவன். அவன்தான் இதிலயும். நீங்கள் அதைப் படிச்சிருப்பீங்கள்தானே?”

“இல்லை.”

“ஐயோ. அப்ப என்னத்தை எழுதினனீங்கள்?”

அவரே உள்ளே போய் முதல் நாவலை எடுத்துவந்து இரண்டையும் என் கையில் வைத்தார். அவருடைய பேருந்து தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

“இந்த எழுத்தாளற்ற மற்ற ராக்கெட் கதையள் நல்லதோ?”

“ஆமா. ரொம்ப.”

“நான் ஒண்டும் தொட்டதில்லை. எதில தொடங்கிறது?”

என் பயணச்சீட்டின் பின்புறம் ஒரு தலைப்பை எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு முழுக்கப் படித்தேன். நாவலாசிரியர் எதையும் உதறவில்லை. ஒரே கொலைகாரனை இருபது வருடம் சுமந்து செவ்வாய்வரை கொண்டுபோயிருந்தார். திங்கட்கிழமை அத்தியாயத்தைக் கொடுக்கவில்லை. என் வாதமே தவறு என்று வழிகாட்டியிடம் சொன்னேன். திருத்தி எழுத மூன்று வாரம் கிடைத்தது. பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது. வருத்தமில்லை. தவறான ஒன்றுக்குப் பட்டம் வாங்காமல் என்னைக் காப்பாற்றியது அந்த முப்பது பக்கம்.

இப்படிப் புத்தகம் தேடிப் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை சீக்கிரம் கிளம்புங்கள், சிறிய கடைகள் பிற்பகலில் சீக்கிரமே மூடிவிடும். குடை வேண்டும். ஒரு தட்டில் இல்லையென்றால் எதிர்த்தட்டையும் பாருங்கள். முக்கியமாக, கடைக்காரரிடம் கேளுங்கள். நான் கடைசியாகத்தான் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டையும் திருப்பினேன். மங்கை அக்காவுக்கு எழுதிக் கொடுத்த நாவலின் என் சொந்தப் பிரதியையும் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது அது திரும்பி வந்திருந்தது. ஐம்பதாம் பக்கம். நீல மையில் ‘ம’. அதன் கீழே, பொடி எழுத்தில்:

“இதிலயும் ஒரு பிணம் கிடக்கு, தம்பி.”