கையில் கொடுக்காத கொச்சிக்காய்

ஈரப்பலாக்காய் அவியும் வாசனை... கூடவே பக்கத்துக் காம்பராவில் அம்மி அரைக்கும் சத்தம். தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொண்ணூறுகளின் கடைசியில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாய் நின்ற எங்கள் லயத்துக் காலை அப்படித்தான் விடியும்.

கொச்சி மிளகாய்ச் செடி எங்களுடையது. அடுப்படிக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானோரத்தில் அம்மா நட்டது. காய் சின்னதுதான், ஒன்றைக் கடித்தால் காது அடைக்கும். அம்மி பக்கத்துக் காம்பரா பாக்கியம் அத்தையுடையது. எங்களிடம் அம்மி இல்லை, அவரிடம் செடி இல்லை. அதனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சம்பல்.

ஒரேயொரு சட்டம்... கொச்சிக்காயைக் கையில் கொடுக்கக்கூடாது, சண்டை வருமாம். அம்மா வாசல் இஸ்தோப்புத் திண்டில் வைப்பார், அத்தை எடுத்துக்கொள்வார்.

எனக்கு எட்டு வயது. ஒருநாள் ஸ்கூலுக்கு லேட் என்று, காயை அத்தை கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

அன்று பின்னேரமே பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை. யார் குடம் முதலில் என்பதுதான் விஷயம். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. என்னால்தான் என்று பயந்து, யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா கொச்சியைப் போத்தல் அடியால் நசுக்கினார். அத்தை வீட்டில் கடை மிளகாய்த்தூள்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஒரு பிடி பறித்து, அத்தையின் அம்மி மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் எங்கள் திண்டில் ஒரு சிரட்டைச் சம்பல் இருந்தது. அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். மறுநாள் கொச்சியை அவரே கொண்டுபோய் வைத்தார். பேச்சு வர இன்னும் ஒரு மாதம் ஆனது.

சில வருடம் கழித்து, அண்ணனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்து நாங்கள் தோட்டத்தை விட்டோம். சாமான் லொறியில் ஏறிய பிறகு, அம்மா கடைசியாகப் பறித்த காயைத் திண்டில் வைக்கப் போனார். அத்தை கையை நீட்டினார்.

"கையிலயே குடுங்க அண்ணி. சண்ட போடவாச்சும் வருவீங்கல்ல..."

அம்மா கொடுத்தார். அவிசாவளை தாண்டியும் அழுதுகொண்டே வந்தார்.

இப்போது நான் அடுக்குமாடி வீடொன்றில், நாலாம் மாடியில். பால்கனித் தொட்டியில் கொச்சி காய்க்கிறது. அரைக்கக் கிரைண்டர் இருக்கிறது, யார் வீட்டு அம்மியும் தேவையில்லை. எதிர்வீட்டு அம்மாவின் பெயர்கூட மூன்று வருடமாகத் தெரியாது.

போன வாரம் அந்தக் கதவைத் தட்டி, ஒரு பிடி கொச்சியை அவர் கையிலேயே கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சண்டை இன்னும் வரவில்லை.