நாலாம் இடத்தில் நிற்க வேண்டியவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஆறரைக்கு சிறுவாச்சூரில் எட்டுப் பெண்களும் நானும் பஸ் ஏறினோம்.

2. பெரம்பலூரில் வண்டி மாறும்போது பந்துப் பையை விட்டுவிட்டு, திரும்பி ஓடிப்போய் எடுத்து வந்தோம்.

3. அரியலூர் வாலிபால் மைதானத்தில் எங்களுக்கு முந்தைய ஆட்டம் மூன்றாவது செட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

4. விளையாட்டு விடுதிக்கு ஆள் பார்க்கும் சார் வந்தார். எங்கள் அணியில் ஒருத்தியைப் பார்க்கத்தான் வந்திருந்தார். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரயிலுக்கு நேரமாச்சும்மா. பதினஞ்சு நிமிஷம் நிப்பேன், அவ்ளோதான்" என்றார்.

5. ஆடப்போகும் ஆறு பேரும் எந்த இடத்தில் தொடங்குவார்கள் என்பதை பொசிஷன் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுத்தேன்.

6. அதைத் தவறாக எழுதியிருந்தேன்.

ஆறாவது விஷயம் எனக்குத் தெரிய வந்தது பெண்கள் கோர்ட்டுக்குள் போய் நின்ற பிறகுதான்.

அவர் பார்க்க வந்த பெண்ணை அணியில் நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. சொந்த ஊர் மீன்சுருட்டிப் பக்கம். சிறுவாச்சூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். மாமாவுக்குக் கோயில் பக்கத்தில் அர்ச்சனைச் சாமான் கடை. வெள்ளியும் திங்களும் கூட்டம் அதிகம் என்பதால் அந்த இரண்டு நாள் பயிற்சிக்கு அவள் தாமதமாகத்தான் வருவாள், கையில் குங்குமக் கறையோடு. பத்தாவது முடிந்ததும் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அம்மா போனில் சொல்லிவிட்டார். மாமாவுக்கே இரண்டு பிள்ளைகள், வீட்டில் இடம் போதாது. விடுதியில் இடம் கிடைத்தால் படிப்பும் சாப்பாடும் ஆட்டமும் ஒரே இடத்தில் தொடரும். கிடைக்காவிட்டால் மீன்சுருட்டி. அங்கே வலை கட்டிய மைதானம் எதுவும் அவளுக்குத் தெரிந்து இல்லை.

நான் பெரம்பலூரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிவில் டிப்ளமோ. பகல் முழுக்க மற்றவர்களின் வீடுகளைக் கணினியில் வரைவேன். கல்லூரி அணியில் ஆடியிருந்ததால், மாலையில் சிறுவாச்சூர் பெண்கள் கிளப்புக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். யார் எத்தனை பந்து எடுத்தாள், யாருக்கு எந்த முழங்கால் வலி, அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும், எல்லாம் நோட்டில் இருக்கும். பெண்கள் அந்த நோட்டை அட்டெண்டன்ஸ் என்று கிண்டல் செய்வார்கள்.

வாலிபால் தெரியாதவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். வலைக்கு அருகே மூன்று பேர் நிற்பார்கள், பின்னால் மூன்று பேர். எதிரணி சர்வீஸ் போட்ட பந்தில் நாம் பாயின்ட் எடுத்தால், ஆறு பேரும் கடிகார முள் போகும் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். முன்வரிசையின் இடது கோடி நாலாம் இடம். அங்கே தொடங்குபவள் அடுத்த இரண்டு நகர்வுக்கும் முன்வரிசையிலேயே இருப்பாள், எகிறி அடிக்கலாம். வலது கோடி இரண்டாம் இடம். அங்கே தொடங்குபவள் முதல் நகர்விலேயே பின்னால் போய் சர்வீஸ் போட வேண்டும். அதன் பிறகு பின்வரிசையிலேயே சுற்றிக்கொண்டு வர வேண்டும். பின்வரிசையில் இருப்பவள் வலையை ஒட்டி எகிறி அடிக்கக் கூடாது.

நெட்டை நாலில் தொடங்க வேண்டும். இரண்டில் தொடங்க வேண்டியவள் வாண்டு. வாண்டு என்பதும் கிளப்பில் வைத்த பெயர்தான். அணியிலேயே குட்டை அவள்தான், வலைக்கு மேலே அவள் விரல் நுனிதான் தெரியும். ஆனால் சர்வீஸ் போட்டால் பந்து வலையை உரசுவது போல வந்து எதிராளியின் காலடியில் விழும். அதனால் அவளைச் சீக்கிரம் பின்னால் அனுப்பி சர்வீஸ் போட வைப்பது என் திட்டம்.

சீட்டில் இரண்டையும் நாலையும் மாற்றி எழுதியிருந்தேன். ஒன்றும் ஐந்தும் கூட மாறியிருந்தன.

பெண்கள் பழகிய இடத்தில் நின்றார்கள். நடுவர் சீட்டைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், கையைக் காட்டி இடம் மாறச் சொன்னார். நான் நடுவரிடம் ஓடினேன்.

"நீங்க எழுதிக் குடுத்தபடிதாம்மா நிக்கணும். கையெழுத்து உங்களுதுதானே?"

என்னுடையதுதான். கோர்ட்டில் இருக்கும் இரண்டு பேரை ஒருவருக்கொருவர் மாற்ற விதியில் வழி இல்லை. வெளியே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு. மற்றவள் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சார் வேப்ப மரத்தடியில், தோளில் பையோடு நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாண்டு மட்டும் விரலை மடக்கி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு கேப்டனின் காதில் என்னவோ சொன்னாள்.

எதிரணி முதல் சர்வீஸ். எங்கள் கேப்டன் பழக்கதோஷத்தில் பந்தை இடது பக்கம் தூக்கிப் போட்டாள். அங்கே நெட்டை இல்லை, வாண்டு இருந்தாள். அவள் விரலால் தட்டிவிட, எதிர்ப்பக்கம் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து நடுவில் விழுந்தது. பாயின்ட் எங்களுக்கு. நெட்டை பின்னால் போனாள்.

அவள் முதல் சர்வீஸே பாயின்ட். அடுத்ததும். அதற்கடுத்ததும். சாதாரணமாக இருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். சர்வீஸ் கையில் இருக்கும் வரைக்கும் அணி நகராது. அவள் நன்றாகப் போடப் போட, பின்னாலேயே நின்றாள்.

கேப்டன் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது பெஞ்ச் வரைக்கும் கேட்டது. "போதும் புள்ள, வெளிய அடி!"

"எதுக்குடி?"

"அடிங்கறேன்ல!"

நெட்டைக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் கை வரவில்லை. ஐந்து பாயின்ட் எடுத்த பிறகுதான் எதிரணி ஒரு பந்தைத் திருப்பிப் பாயின்ட் எடுத்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் போய்விட்டது.

அடுத்து நாங்கள் சர்வீஸை மீட்டபோது கேப்டன் முறை. அவள் போட்ட பந்து கோட்டைத் தாண்டி, கொடிக்கம்பத்தையும் தாண்டிப் போனது. "லைனப் பாத்துப் போடு!" என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. அடுத்த பந்துக்குக் குனிந்து நின்றாள், முகத்தில் வருத்தமே இல்லாமல்.

அந்தப் பந்தை எடுத்தோம். எல்லோரும் ஓரிடம் நகர்ந்தார்கள். வாண்டு சர்வீஸுக்குப் போனாள்.

எப்போதும் போலப் பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள். எப்போதும் இல்லாதபடி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பந்தை நேராக வலையில் அடித்தாள். வலையின் மேல் நாடாவில் பட்டிருந்தால் தவறிவிட்டது என்று நம்பியிருப்பேன். அடி நாடாவில், சின்னக் குழந்தைகூடத் தொடக்கூடிய உயரத்தில் பட்டது. ஒன்றரை வருடத்தில் அவள் சர்வீஸ் வலையில் பட்டதை நான் நோட்டில் எழுதியதில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சர்வீஸைச் சீக்கிரம் விட்டுக்கொடுத்து, சீக்கிரம் பிடுங்கி, நெட்டையைச் சுற்றி முன்னால் கொண்டுவருகிறார்கள். வாண்டு விரலை மடக்கி எண்ணியது அதற்கு வேண்டிய நாலு நகர்வைத்தான். ஒரு சர்வீஸையும் வீணாக்காதே என்று தினமும் சொல்லிக்கொடுத்தவள் நான். டைம் அவுட் கேட்டு நிறுத்தியிருக்கலாம். எதிரணிக்குச் செய்யும் மரியாதைக் குறைவு அது என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அவர்கள் செய்தது சரிதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்குப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

விட்டுக்கொடுப்பது எளிது. பிடுங்குவதுதான் கடினம். எதிரணியின் அடுத்த சர்வீஸ் பலமாக வந்தது. ஒருத்தி கையில் பட்டுப் பந்து பக்கவாட்டில் தெறித்தது. வாண்டு அதன் பின்னால் ஓடி, செம்மண்ணில் விழுந்து, முழங்கை தேய ஒரு கையால் தூக்கிவிட்டாள். அது உயரமாக எழும்பி வலையைத் தாண்டி எதிர்க்கோர்ட்டின் கடைசி மூலையில் விழுந்தது. எழுந்ததும் அவள் கையைப் பார்க்கவில்லை, வேப்ப மரத்தடியைப் பார்த்தாள். சார் இன்னும் அங்கேதான் இருந்தார், ஆனால் சாலைப் பக்கம் திரும்பியிருந்தார்.

நெட்டை நாலாம் இடத்துக்கு வந்தாள்.

முதல் பந்தை வலையில் அடித்தாள். கேப்டன் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "அடியே, இதுக்காடி இம்புட்டுப் பாடு பட்டோம்?" என்றாள். அப்போதுதான் நெட்டைக்கு எல்லாம் விளங்கியது என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது பந்து அவளுக்கு நன்றாக உயர்ந்து வந்தது. மூன்று அடி எடுத்து வைத்து எகிறினாள். அந்த அடியின் சத்தத்தில் பக்கத்துக் கோர்ட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாரும் திரும்பினார். மூன்றாவது பந்தும் அதே இடத்தில் விழுந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய டைரியை எடுத்து எதையோ எழுதினார். பிறகு ஒரு பையனின் பைக்கில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அந்த செட்டை இரண்டு பாயின்ட்டில் தோற்றோம். அவர்கள் விட்டுக்கொடுத்ததும் இரண்டு. அந்த இரண்டும் இந்த இரண்டும் ஒன்று என்று சொல்வது கணக்கில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் திரும்பத் திரும்ப எண்ணினேன். அடுத்த செட்டை முறையாகவே தோற்றோம்.

திரும்பி வரும் பஸ்ஸில், கடைசி இருக்கையில் வாண்டுவின் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "சீட்டத் தப்பா எழுதினது நாந்தான். மன்னிச்சிருங்க."

"தெரியும்க்கா," என்றாள் வாண்டு. "நீங்க எப்பவும் நெட்டுக்கு அந்தாண்ட நின்னுதானே பந்து போடுவீங்க? உங்களுக்கு நாங்க எடம் வலமாத்தான் தெரிவோம்."

அவள் சொன்னது அப்படியே உண்மை. பயிற்சியில் நான் வலைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூல் மேல் நின்று பந்து வீசுவேன். அவர்களை எதிரிலிருந்தே பார்த்துப் பார்த்து, நோட்டிலும் அப்படியே வரைந்திருந்தேன். சீட்டிலும் அதையே பார்த்து எழுதிவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதை வரைபடத்தின் ஓரத்தில் குறிக்க வேண்டும். அலுவலகத்தில் நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

கேப்டன் முன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா பிளான் போட்டுக் குடுத்த வூட்டுல சமையக்கட்டு எந்தப் பக்கம் இருக்கோ, பாவம்!"

"போர்டிகோவுல இருக்கும்டி," என்றாள் சுளுக்குக்காரி.

பஸ்ஸே சிரித்தது. நெட்டை சிரிக்கவில்லை. வாண்டுவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஒன் சர்வீஸப் போயி நெட்டுல போட்டியே புள்ள" என்று மட்டும் சொன்னாள். வாண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "நாளைக்குப் போட்டுக்குறேன்" என்றாள். பெரம்பலூர் வரும் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

மூன்று வாரம் கழித்து சார் போன் செய்தார். விடுதித் தேர்வுக்கு நெட்டை எப்போது, எங்கே வர வேண்டும், என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று சொன்னார். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். வைப்பதற்கு முன், "ஆமா, வேணும்னே நெட்டுல அடிச்சுதே, அந்தச் சின்னப் பொண்ணு யாரும்மா?" என்று கேட்டார். "எங்க டீம்ல நல்லா சர்வீஸ் போடுற பொண்ணு சார்" என்றேன். "தெரியுது, தெரியுது" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

நெட்டை இப்போது விடுதியில் இருக்கிறாள், பதினொன்றாவது படிக்கிறாள். ஞாயிறு மாலைகளில் வாண்டுவுக்குப் போன் செய்கிறாள். வாண்டு எங்கள் அணியில்தான் இருக்கிறாள், உயரம் கூடவில்லை. பயிற்சியில் பாதி நேரம் நான் வலைக்கு இந்தப் பக்கம், அவர்களுக்குப் பின்னால் நிற்கிறேன். பொசிஷன் சீட்டை நான் எழுதுகிறேன். வாண்டு பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகே நடுவரிடம் கொடுக்கிறேன்.