செல்வி திருப்பி அடித்த அத்தியாயம்

"உங்கள் அத்தியாயம் வன்முறைக்காக ரிப்போர்ட் செய்யப்பட்டுள்ளது. இன்று மாலைக்குள் தொடர் முழுவதும் நீக்கப்படலாம்."

நான் தொடர்கதை எழுதும் ஆப்பிலிருந்து இந்த மெயில் வந்தபோது, நவி மும்பை வாஷி ஆபீஸில் கூரியர் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பில் போடுவது வயிற்றுக்கு, எழுத்து உலகத்துக்கு. உலகம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் கதாநாயகி செல்வி தாராவியில் இட்லி அவித்து விற்பவள். புருஷன் முருகேசன் முதல் அத்தியாயத்திலிருந்தே குடித்துவிட்டு அவளை அடிக்கிறான். ஒருவரும் ரிப்போர்ட் செய்ததில்லை. 'அருமை, அடுத்த பகுதி எப்போது?' என்றுதான் கமெண்ட் வரும். போன வாரம் செல்வி இட்லிப் பானை மூடியால் ஒரே ஓர் அடி திருப்பிக் கொடுத்தாள். உடனே வன்முறை ஆகிவிட்டது.

எழுத்துச் சுதந்திரம் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நான் முழங்கியதெல்லாம் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போனது. ஆபீஸ் டாய்லெட்டில் தாழிட்டுக்கொண்டு, அந்த அத்தியாயத்துக்கு மொபைலில் ஒரு புனிதப் பிரதி தயாரித்தேன். சாராயத்தை மோர் ஆக்கினேன். செல்வி அடிக்கவில்லை, கண்ணீர் மல்க நின்றாள்.

மாலை ரயிலில் ஏறியதும் போன் வந்தது. "அங்கிள், ஆப் ரிவ்யூ டீம்லேர்ந்து கீர்த்தனா பேசறேன். நானும் மும்பைதான், மாட்டுங்கா. தமிழ் நன்னா புரியும், படிக்கத்தான் ஸ்லோ. அந்த சீனை நீங்களே படிச்சுக் காட்டுங்கோ. இப்பவே க்ளோஸ் பண்ணணும்."

அங்கிள் என்றதை மன்னித்தேன். வாஷி பாலத்தில் நெட்வொர்க் போய்விடும் என்று நம்பினேன். அன்று பார்த்து முழு சிக்னல். கூட்டத்தின் நடுவே, புனிதப் பிரதியை உரக்கப் படித்தேன்.

"மோர் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்த முருகேசன், செல்வியின் முடியைப் பிடித்து அறைந்தான். செல்வி கண்ணீர் மல்க நின்றாள்."

எதிரே புருஷனோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா நிமிர்ந்தார். "ஏ அண்ணாச்சி, மோரக் குடிச்சா இந்த ஆட்டம்? சரி, இவ்வளவு வாங்குனவ ஒண்ணாவது திருப்பிக் குடுக்க மாட்டாளா?"

"ஏட்டி, சும்மா இரி. அது அவரு கதை" என்றார் புருஷன்.

"கதையிலயாவது அடிக்கட்டுமே."

புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனில் சிரிப்புச் சத்தம். "அங்கிள், ஆப்ல இருக்கறதும் இதேதானா?"

"இல்லம்மா... அதுல அவ அடிப்பா."

"அதைப் படிங்கோ."

படித்தேன். மூடி இறங்கியதும் அந்த அக்கா, "அப்படிப் போடு!" என்றார். பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த மராட்டிக்காரர் எதுவும் புரியாமலே "சஹி ஹை", சரிதான் என்று தலையாட்டினார்.

"இவ்ளோதானா?" என்றாள் கீர்த்தனா. "அவன் அடிச்ச அடியெல்லாம் யாருமே ரிப்போர்ட் பண்ணலியே! சீன் இருக்கட்டும் அங்கிள். வார்னிங் மட்டும் போட்டுடறேன், அது ரூல்."

"எல்லா அத்தியாயத்துக்குமா?"

"ரிப்போர்ட் ஆனதுக்கு மட்டும்தான்."

புதிதாக எழுத வருகிறவர்களே, ஆப் என்னிடம் ஒரு வரியைக்கூட வெட்டச் சொல்லவில்லை. கேட்பதற்கு முன்பே வெட்டிக் கொடுத்தவன் நான். மெயில் வந்தால் முதலில் தண்ணீர் குடியுங்கள், கதாநாயகியைத் தொடாதீர்கள்.

செல்வியின் ஒரே அடி இப்போது மஞ்சள் பட்டையோடு இருக்கிறது: 'வன்முறைக் காட்சி, வயது வந்தவர்களுக்கு மட்டும்.' முருகேசனின் அடிகள் எல்லாம் 'குடும்பக் கதை' பிரிவில் இருக்கின்றன. எந்த வயதினரும் படிக்கலாம்.