தண்ணீர் வரும் கிழமை

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்த நாட்களை நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலிருந்து குறித்து வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது, போன முறைக்கும் இந்த முறைக்கும் எத்தனை நாள் இடைவெளி எல்லாம் நோட்டில் இருக்கும். திண்டுக்கல்லில் இதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் விசேஷம் வைக்கிறவர்கள் என்னிடம் கேட்டுவிட்டு ஜோசியரிடம் போவார்கள்.

இந்தப் பெயரை நம்பித்தான் தொண்ணூற்றெட்டு தை மாதத்தில் பேகம்பூர் நண்பன் என்னிடம் வந்தான்.

“முனிசிபாலிட்டித் தண்ணிக்கே நேரம் சொல்றவன், கடல் தண்ணிக்குச் சொல்ல மாட்டியா மாப்ள?”

தோல் மண்டி வேலையை விட்டுவிட்டு அவன் சவூதிக்குப் போகவிருந்தான். பங்குனி முதல் வாரத்தில் விமானம், இரண்டு வருட ஒப்பந்தம். அதற்கு முன்னால் அவனுக்கு ஒன்று ஆகவேண்டும். பாம்பன் ரயில் பாலத்தைக் கீழேயிருந்து பார்க்க வேண்டும்.

“ராமேஸ்வரத்துக்கு எத்தனை தடவை ரயில்ல போயிருக்கேன். பாலத்து மேல உக்காந்திருந்தா பாலம் எங்கப்பா தெரியுது?”

அவன் அம்மாவின் ஊர் தொண்டி. பெரியம்மா மகன் அங்கே பாய் கட்டிய வல்லம் என்ற படகு வைத்திருந்தார். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்; இவனும் அவரைக் காக்கா என்றே சொல்வான். மாசியில் அந்த வல்லத்தை மண்டபத்தில் இருக்கும் தம்பியிடம் கொண்டுபோய் விடப்போகிறார், எங்களையும் ஏற்றிக்கொள்வார் என்று ஏற்பாடு. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம். அங்கிருந்து பாலம் கூப்பிடு தூரம்.

நான் அதுவரை படகில் கால் வைத்ததில்லை. நூலகத்தில் கடல் ஏற்றவற்றம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் கூடுதலாக ஏறும், கூடுதலாக வற்றும். ஏற்றம் நாளுக்கு முக்கால் மணி நேரம்போலப் பிந்தும். இது எங்கள் குழாயைவிட எவ்வளவோ ஒழுங்கு. தொண்டியில் படகு கிடக்கும் ஓடையில் ஏற்றத்தின்போதுதான் அது மிதக்கும் என்று நண்பன் சொல்லியிருந்தான். ஆகவே மாலை ஏற்றத்தில் வெளியே எடுத்து நங்கூரம் போட்டு, படகிலேயே தூங்கி, விடியும்போது கரைக்காற்றில் பாய் விரிக்க வேண்டும். தேவிபட்டினத்தில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போனால் முழங்கால் சேற்றில் வெகுதூரம் நடக்கவேண்டும். அங்கேயும் ஏற்றம் பார்த்தே கரை சேரவேண்டும். மறுநாள் மண்டபம். ஊர், தேதி, திதி, ஏற்ற நேரம், தங்குமிடம், சாப்பாடு என்று ஆறு கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன்.

புறப்படும் நாள் ஒன்றுதான் பாக்கி. நண்பன் விசா வேலையாகச் சென்னைக்குப் போயிருந்ததால் தொண்டிக்கு நானே எஸ்டிடி பூத்திலிருந்து பேசினேன்.

“வெள்ளி ராவு, மஃரிபுக்கு ஓடையில தண்ணி ஏறும். ரெண்டு பேரும் வந்துருங்க. மீன் ஆக்கி வைக்கிறேன்” என்றார் காக்கா.

“வெள்ளி ராத்திரி. சரிங்க பாய்.”

“ரொம்ப ராத்திரி ஆக்கிறாதீங்க. மஃரிபுக்கே நிக்கணும்.”

மஃரிப் அந்தி நேரத் தொழுகை என்று எனக்குத் தெரியும். “பொழுது சாய 6.30” என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைக்கான தேதியைப் போட்டுச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். தினக்காலண்டரில் அந்தத் தேதித்தாளைத் தூக்கிப் பார்த்தேன். அன்று காலைவரை பௌர்ணமி என்று போட்டிருந்தது. திருப்தியாக இருந்தது.

சென்னையிலிருந்து வந்ததும் நண்பன் அட்டவணையைப் பார்த்தான்.

“ஜும்மா எங்க?”

“தொண்டியிலயே. பஸ்ஸு பன்னெண்டு மணிக்கு எறக்கிவிட்டுரும்.”

“தொழுகைக்கும் கட்டம் போட்டுட்டியா! பெரிய ஆளுதான்யா நீ.”

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்குத் தொண்டியில் இறங்கினோம். அவன் பள்ளிவாசலுக்குப் போனான். நான் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தொழுகை முடிந்து வரும்போது கட்டம்போட்ட கைலியுடன் ஒரு நெட்டையான மனிதர் அவனோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

“நீங்கதானே போன்ல பேசுனது? நேத்து அந்தியிலேருந்து படகுல கெடக்கேன். ஆக்குன மீனு அம்புட்டும் காக்காய்க்குப் போச்சு.”

“எந்தக் காக்காவுக்கு?” என்றான் நண்பன்.

அவர் சிரிக்கவில்லை.

“வெள்ளி ராத்திரின்னுதானே சொன்னீங்க? இன்னைக்குத்தானே வெள்ளி?” என்றேன்.

நண்பன் என் கையிலிருந்த தாளை வாங்கினான். “காக்கா என்ன வார்த்தை சொன்னாரு? வெள்ளி ராவுன்னா?”

“ஆமா.”

“ஏலே, எங்களுக்கு மஃரிபோட நாள் பொறந்துரும்ல. வெள்ளி ராவுன்னா வியாழக்கிழமை ராத்திரிப்பா. பெருநாள் தவறாம எங்க வீட்ல வந்து சோறு திங்கிற, இது தெரியாதா?”

அந்த வீட்டில் பலமுறை அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெள்ளிக்கிழமை என்றே நினைத்திருக்கிறேன். காக்கா சொன்ன சொல்லை அப்படியே எழுதியிருந்தால் நண்பன் பார்த்ததும் கண்டுபிடித்திருப்பான். நான் அதைத் தேதியாக மாற்றியிருந்தேன்.

“சரி, நாளைக்கு விடியக் கெளம்புனா?” என்று கேட்டான்.

“தேவிபட்டினம் வரைக்கும் போகலாம். ஞாயித்துக்கெழமை இங்க மச்சினிச்சிக்கு நிக்காஹ். நான் நிக்கலேன்னா அவ அக்கா என்னயத் தலாக் சொல்லிருவா. படகத் தேவிபட்டினத்துல போட்டுட்டு பஸ் ஏறணும். தம்பி அடுத்த வாரம் வந்து எடுத்துக்குவான்.”

வியாழன் அந்தியில் ஏறியிருந்தால் சனிக்கிழமை மண்டபம், அன்றிரவே பஸ்ஸில் அவர் தொண்டி. அவர் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. நண்பனுக்குச் செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லில் ரயில் ஏற வேண்டும். வேறு படகு தேட நாள் இல்லை. அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை விடியும்போது பாய் விரித்தோம். நான் இரண்டுமுறை வாந்தி எடுத்தேன். நண்பன் பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் போகாத பாலத்தின் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேவிபட்டினத்தில் ஏற்றம் நான் கணக்கிட்ட நேரத்துக்குக் கால் மணி முந்தி வந்தது. அதை நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் நான்கு வருடமானது. இரண்டாயிரத்து இரண்டில் விடுமுறையில் வந்தவன், பெட்டியைப் பிரிக்கும்போதே மடித்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினான். மடிப்பில் கிழிந்திருந்தது.

தொண்டிக்கு மறுபடியும் நானே பேசினேன். “வெள்ளி ராவா, வியாழக்கிழமை ராவா பாய்?”

“நீங்க காலண்டர்ல கிழிக்கிற வியாழக்கெழமை. அந்தி. தேவிபட்டினத்துக்கு வந்துருங்க. போதுமா?”

அதே படகு, தம்பியிடமிருந்து திரும்பி வந்திருந்தது; இப்போது எஞ்சினும் இருந்தது. வியாழன் அந்தி ஏற்றத்தில் படகேறி, வெள்ளி விடியலில் புறப்பட்டு, மண்டபத்தில் ஜும்மாவுக்கு நின்று, மதியம் தாண்டிப் பாலத்தருகே போய்விட்டோம். பாலத்தின் கீழே காக்கா எஞ்சினை நிறுத்தினார். நண்பன் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டான். மண்டபம் பக்கமிருந்து ஒரு ரயில் நடக்கிற வேகத்தில் வந்து, எங்கள் தலைக்கு மேலே முழுதாகக் கடந்து போனது. அவன் கண் கொட்டவில்லை.

“எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“கக்கூஸ் ஓட்டை வரிசையாத் தெரிஞ்சுது மாப்ள.”

“ஏதாச்சும் விழுந்துச்சா?” என்றார் காக்கா.

“மூஞ்சில ஒரு சொட்டு விழுந்துச்சு. அலைத்தண்ணின்னு வச்சுக்கிறேன்.”

எஞ்சினைக் கிளப்ப அவர் குனிந்தார். நண்பன் எழுந்திருக்கவில்லை.

“செத்த நேரம் இருங்க காக்கா” என்று சொல்லிவிட்டு என் பக்கம் தலையைத் திருப்பினான். “அடுத்த ரயிலு எத்தனை மணிக்குப்பா?”

நான் நோட்டைத் திறந்தேன்.