எட்டு மணிச் சங்கு

போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்தில் நான்தான் முதலில் வந்தேன். எங்கே வந்தேன் என்பதில்தான் தகராறு.

ஐரோப்பாவில் காலையில் ஓர் ஊரில் கிளம்பி, சாயங்காலம் இன்னோர் ஊரில் போய் விழுகிற ஒருநாள் பந்தயங்கள் உண்டாம். பேப்பரில் படம் பார்த்தேன். கருங்கல் பாவிய ரோடு, முகமெல்லாம் சேறு... அவர்களுக்கு அதுதான் தொழில். சம்பளமே உண்டு. நான் பதினோரு வருஷமாகத் திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஃபாக்டரிக்கு தினமும் மிதிக்கிறேன். யார் மாலை போட்டார்கள்?

ஆகவே, எங்கள் பக்கத்து மன்றம் ஒன்று பந்தயம் அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பூந்தமல்லியில் கிளம்பி, பருத்திப்பட்டு, ஆவடி, எஸ்டேட் வழியாகப் பாடியில் முடிக்க வேண்டும். முதல் பரிசு ஒரு புது சைக்கிள்.

வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அத்தனை பேரும் எங்கள் ஃபாக்டரி ஆட்கள். ஏழுமலை மட்டும் மூன்று மாதம் முன்புவரை எங்கள் ஆள். ஆள்குறைப்பில் போய்விட்டான். சொந்த சைக்கிளையும் விற்றுவிட்டு, வாடகைக் கடையிலிருந்து ஒரு வண்டியை எடுத்து வந்திருந்தான்.

"திருமழிசையாண்ட ஒரு வேலை சொல்லிக்கீறாங்க அண்ணாத்தே. காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு. அண்ணனூர்லேர்ந்து அந்நேரத்துக்கு பஸ் கெடையாது. சைக்கிள் இருந்தா வா, இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்குறோம்னுட்டாங்க" என்றான்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கும் எண்ணம்? சத்தியமாக இல்லை. பந்தயம் என்றால் பந்தயம்தானே!

ஏழு மணிக்குக் கொடி அசைத்தார்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எதிர்காற்று. ஆவடி தாண்டியதும் நான் முன்னால் போனேன். எனக்குப் பின்னால் சூசை — காலைப் பூசையை முடித்துவிட்டு நேரே வந்த ஃபிட்டர். எஸ்டேட் ரோட்டில் நுழையும்போது எங்களுக்கும் ஏழுமலைக்கும் நடுவே நல்ல இடைவெளி. அவன்தான் கடைசி. வாடகை வண்டி வேறு எப்படி ஓடும்?

அப்போதுதான் எங்கள் ஃபாக்டரியின் எட்டு மணிச் சங்கு ஊதியது. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஷிஃப்ட் உண்டு, சங்கும் உண்டு.

அந்தச் சங்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஊத ஆரம்பித்து நிற்பதற்குள் கேட்டுக்குள் போய்விட வேண்டும். நின்றால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் — அரை நாள் லீவு. அதனால் சங்குச் சத்தம் எங்கள் காதுக்குள் போவதில்லை. நேரே காலுக்குப் போகிறது.

மிதித்தேன் பாருங்கள்... என் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. கேட்டுக்கு முன்னால் இடது பக்கம் ஒரே திருப்பு. கூட்டத்தைப் பார்த்த வாட்ச்மேன், வழக்கம்போலக் கேட்டை அகலத் திறந்துவிட்டார். உள்ளே போய் ஷெட்டில் ஸ்டாண்ட் போட்டேன். எனக்குப் பின்னாலேயே பதினாறு சைக்கிள்கள் வரிசையாக ஸ்டாண்ட் போட்டு நின்றன. சூசை, வருகைக்கு டோக்கன் மாட்டும் பலகை வரைக்கும் போய்விட்டான்.

"இன்னா, அல்லாரும் ஓவர்டைமா? டவுசரோட வந்துகீறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

அரண்டுபோய் வெளியே ஓடிவந்தோம். பாடி போய்ச் சேர்ந்தபோது, ஏழுமலை கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தான்.

சூசைக்குப் பொறுக்கவில்லை. "இது செல்லாது சார். பதினேழு பேர் முன்னாடி வந்துகினு இருந்தோம். சங்கு ஊதுனா கால் தானா திரும்பிக்குது, நாங்க இன்னா பண்றது? ரேஸை மறுபடி வைங்க" என்று மன்றத்துச் செயலாளரிடம் மல்லுக்கு நின்றான். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். மறைப்பானேன்?

செயலாளர் ஏழுமலையைப் பார்த்தார். "நீயும் அங்க வேல செஞ்சவன்தானேப்பா. உனக்குச் சங்கு கேக்கலியா?"

"கேட்டுச்சு சார். எனுக்கும் காலு திரும்பிடுச்சு. கேட்டாண்ட போனப்புறந்தான், நம்ம டோக்கனைப் புடுங்கிக்கினாங்களேன்னு நெனப்பு வந்துச்சு. நேரா வந்துட்டேன்."

சூசை தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு சூசையே போய் அந்தப் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, ஹேண்டில்பாரை ஏழுமலை கையில் கொடுத்தான். "நாளிக்கே போய் வேலைல சேந்துடு மச்சான்" என்றான்.

இப்போதும் அடித்துச் சொல்கிறேன் — கேட் வரைக்கும் என்னை ஜெயிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதற்கு அப்பால் போய்த்தான் பழக்கமில்லை.