மூஞ்சி அத்தையின் கரடி

கீழுதட்டைப் பிதுக்கி, மூக்கைச் சுருக்கி, கண்ணாடியைப் பார்த்து அத்தை உறுமுகிறார். பிடிக்கவில்லை. கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு இன்னொரு முறை உறுமுகிறார். இப்போது கண்ணாடியில் தெரிவது நிஜமாகவே கரடிதான். முன்கோபமும் லேசான பசியும் உள்ள கரடி. முகத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு, காதில் செருகிய பென்சிலை உருவி, தாளைக் குனிந்து பார்க்காமலே வரைகிறார். அந்த நேரம் பார்த்து யாராவது மணியடித்தால் கரடிதான் போய்க் கதவைத் திறக்கும். கூரியர்காரருக்கு இது பழகிவிட்டது. “இன்னைக்கு என்னக்கா, சிங்கமா?” என்று கேட்டபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் தானே வரைகிற இவருக்கு அட்டையில் அச்சாகும் பெயர் ஒன்று உண்டு. குடியிருப்பில் அது யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இவர் கண்ணாடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த பிள்ளைகள் வைத்த பெயர் மூஞ்சி அத்தை. அம்மாக்கள் பதறிப்போய் அதட்டினார்கள். அத்தைதான் தடுத்தார். “விடுங்க, என் தொழிலத்தான சொல்லுதுங்க!”

“என் மூஞ்சில வராதது பேப்பர்ல வராது” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. மீனுக்கும் ஆமைக்கும் முகம் செய்திருக்கிறார். ஒருமுறை பூட்டிய கதவுக்குக்கூடச் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அன்று காலை முழுவதும் யாரோடும் பேசவில்லை.

தொடக்கத்தில் பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். இதயம், இலை, எரிமலையின் உட்புறம். அறிவியல் பாடத்துக்கு, அறுத்து விரித்த தவளை ஒன்றை வரைந்து எடுத்துப் போனபோது பாடநூல் அலுவலகத்து அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். “எல்லாம் சரிம்மா, தவளைக்கு எதுக்கு மூஞ்சில இவ்வளவு கவலை?”

“வயித்தக் கிழிச்சு வச்சிருக்கோமே சார், கவலப்படாதா?”

படம் திரும்பி வந்தது. அத்தை அந்தத் தவளையின் வயிற்றைத் தைத்து, எழுப்பி உட்காரவைத்து, அதற்கு ஒரு கதையும் எழுதினார். அதுதான் முதல் புத்தகம். இன்றும் நூலகங்களில் அது முதுகு பிய்ந்து, ஒட்டுப் போட்டுத்தான் கிடக்கிறது. ஒட்டு விழாத பிரதி எங்காவது கண்ணில் பட்டால் அத்தைக்கு முகம் வாடிவிடும்.

படங்களெல்லாம் வந்த பிறகுதான் வார்த்தைகள். தாள்களைத் துணிக் கிளிப்பால் சேர்த்து, அடுப்படியில் நின்றபடி உரக்க வாசிப்பார். படம் சொல்லிவிட்டதை எந்த வார்த்தையாவது திரும்பச் சொன்னால் அதற்கு அங்கேயே அடி விழும். அவருடைய கவலையெல்லாம் பக்கம் திரும்புகிற இடத்தில். “திருப்பறது குழந்தையோட கை. அந்தக் கைக்கு ஒரு காரணம் குடுக்கணும்ல? சும்மா திருப்புன்னா அது ஏன் திருப்பணும்?”

போன வருடம் கையில் இருந்தது சிரிக்காத கரடியின் கதை. குரங்கு குட்டிக்கரணம் போடுகிறது, முயல் வேஷம் கட்டுகிறது, யானை வழுக்கி விழுகிறது. கரடி அசையவில்லை. கடைசிப் பக்கத்தில் சிரிக்கிறது. அந்த ஒரு பக்கம் மட்டும் பாக்கி. அப்போதுதான் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கையில் தண்ணீர் வலது ஓரமாக வழிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். முகத்தின் வலது பாதி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து இமை மூட மறுத்தது.

முகவாதம் என்றார் மருத்துவர். மூளையில் ஒன்றுமில்லை, முகத்து நரம்புதான் வீங்கியிருக்கிறது. “பெரும்பாலும் சரியாயிடும்மா. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க.”

“சரி, கரடி எப்படி டாக்டர் சிரிக்கும்?” என்று அத்தை கேட்டார்.

மருத்துவர் கவலையோடு கணவர் பக்கம் திரும்பினார்.

கணவர், அதாவது பிள்ளைகளுக்கு மாமா, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனை கண்ணீர், எத்தனை ‘பர்ஸ் தொலைஞ்சிடுச்சு சார்’ கேட்டிருப்பார்! எதற்கும் அசையாமல் பழகிய முகம் அது. சிரிக்காத கரடிக்கு முகம் செய்தபோதெல்லாம் அத்தை அவரைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார் என்பது மாமாவுக்குத் தெரியாது.

பதிப்பகத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். “ஆன்ட்டி, உங்க பழைய புக்லேருந்து ஏதாவது ஒரு சிரிப்ப எடுத்துக்கலாமா?”

“அது அணிலோட சிரிப்பு. கரடிக்குப் பத்தாது.”

“பிரஸ்ல தேதி குடுத்தாச்சு ஆன்ட்டி. இந்த வாரம் தாண்டிட்டா, அந்த ஒரு பக்கத்த மட்டும் வேற ஆர்ட்டிஸ்ட வச்சு முடிச்சிடலாம்னு மேல சொல்றாங்க.”

அத்தை போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். இத்தனை தூரம் கையைப் பிடித்துக் கூட்டிவந்த கரடியை, வீட்டு வாசலில் வைத்து வேறொருவர் கையில் கொடுப்பதா? கண்ணாடி முன்னால் எவ்வளவோ முயன்று பார்த்தார். விரலால் கன்னத்தைத் தூக்கினார். விரலை எடுத்ததும் அது விழுந்தது. அந்த வாரம் முழுக்க யார் எதிரே வந்தாலும் அவர் கை தானாக வாயை மறைக்கப் போனது.

“என்னங்க, கொஞ்சம் வந்து உக்காருங்க. உங்க மூஞ்சி வேணும்.”

“எதுக்கு? பாறாங்கல்லு வரையப் போறியா?”

“சிரிக்கிற கரடி.”

“ஆளப் பாத்துக் கேளும்மா” என்றாலும் மாமா வந்து உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்தார். பல் தெரிந்தது. மற்றதெல்லாம் பணியில் இருந்தது.

“கண்ணும் சேந்து சிரிக்கட்டும்.”

“கண்ண எங்க புடிச்சு இழுக்கணும்னு சொல்லு, இழுக்கறேன். நான் இப்ப முழிக்கற மாதிரி டிக்கெட் எடுக்காதவன்கூட என் முன்னாடி முழிச்சதில்ல.”

கண்ணில் பட்டதை அத்தை அப்படியே வரைந்து தாளைத் திருப்பிக் காட்டினார். பல்லைக் காட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு டிக்கெட் கேட்கிற கரடி. மாமா அதை நன்றாகப் பார்த்தார். “இதுகிட்டேருந்து ஒருத்தனும் தப்பிக்க முடியாது” என்றார், முகம் அசையாமல்.

அத்தை வெடித்துச் சிரித்தார். நாள்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்த சிரிப்பு. இடது கன்னம் காதுவரை ஏறியது. வலது கன்னம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூடாத கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாயை மறைக்கக் கிளம்பிய கை பாதி வழியில் நின்றது. எதிரே கண்ணாடி.

ஒரு பக்கம் சிரிக்கிறது; மறுபக்கத்துக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. பிறந்ததிலிருந்து சிரித்தே அறியாத ஒரு பிராணி, முதல்முறை வேறு எப்படிச் சிரிக்கும்?

“திரும்பச் சொல்லுங்க!”

“என்னத்த?”

“டிக்கெட்! டிக்கெட் கேளுங்க!”

“டிக்கெட் ப்ளீஸ்” என்றார் மாமா, ரயில்பெட்டிக் குரலில். அத்தையின் பென்சில் ஓடியது. சிரிப்பு வடிகிறபோதெல்லாம் கையை ஆட்டினார். மாமா சளைக்காமல் கேட்டார். கீழ்வீட்டுக்காரர் மேலே பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம்.

படத்தைப் பார்த்த பதிப்பகத்துப் பெண், “இன்னொரு பாதி எங்க ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“இப்பதான கெளம்பியிருக்கு. வரும்” என்றார் அத்தை. படம் அப்படியே அச்சுக்குப் போனது.

புத்தகம் வந்தது. முகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. இப்போதும் அத்தை சிரித்தால் வலது உதடு ஒரு நொடி தாமதமாகத்தான் வந்து சேருகிறது. அவர் அதை மறைப்பதில்லை.

அண்மையில் ஒரு மாலை, காகிதப் பையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவர் நடையிலேயே நின்றுவிட்டார். வேலை அறையில், கண்ணாடி முன்னால் மாமா. கையில் கரடிப் புத்தகம், கடைசிப் பக்கம். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். இடது கன்னம் மெல்ல ஏறி, இறங்கியது. மறுபடி ஏற்றினார். இந்த முறை, யாரும் சொல்லாமலே, வலது கன்னமும் கூடவே போனது. கண்ணோரம் சுருங்கியது.

அத்தை செருப்பைக் கழற்றவில்லை. ரொட்டிப் பையின் வெள்ளைப் பக்கத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, அந்தச் சிரிப்பை அப்படியே தன் முகத்தில் ஏற்றிக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.